செயலிகளுக்கும் புள்ளி போட வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊர்க் காசும் பிள்ளைகளின் படிப்பும் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கடந்த சில வருடங்களாக நமது ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு செயலி வந்துவிட்டது. பாடசாலைக்கு ஒன்று. பள்ளிவாசல் சந்தாவுக்கு ஒன்று. ஜனாஸா அறிவித்தலுக்கு ஒன்று. விளையாட்டுக் கழகத்துக்கும் ஒன்று. நான் இதற்கு எதிரானவள் அல்ல. நல்ல செயலி ஒன்று ஒரு உம்மாவின் அரை நாளையும் ஓட்டோக் காசையும் மிச்சப்படுத்தும்.

ஆனால் இவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று நாம் எப்படிப் பார்க்கிறோம்? கொம்பனிக்காரர்கள் வருகிறார்கள். மண்டபத்தில் திரை கட்டிப் படம் காட்டுகிறார்கள். இத்தனை பேர் டவுன்லோட் செய்தார்கள், இத்தனை பேர் பதிந்தார்கள், இத்தனை தடவை திறக்கப்பட்டது என்கிறார்கள். வரைபு மேலே மேலே ஏறுகிறது. நாமும் கைதட்டிவிட்டு அடுத்த தவணைக் காசைக் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது பாடசாலைச் செயலியை இன்னும் பெரிதாக்க வேண்டும், அதற்குப் பழைய மாணவர்களிடமும் பெற்றாரிடமும் நிதி சேர்க்க வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. சேர்ப்பதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். அந்தச் செயலியைத் திறந்தவர், எந்தக் காரியத்துக்காகத் திறந்தாரோ அந்தக் காரியம் முடிந்ததா? இந்தக் கேள்விக்கான விடை அந்தத் திரையில் காட்டிய எந்த வரைபிலும் இருக்கவில்லை.

ஒவ்வொரு எண்ணாக எடுத்துப் பார்ப்போம்.

டவுன்லோட் எண்ணிக்கை என்ன சொல்கிறது? ஒருவர் ஒரு தடவை ஒரு பொத்தானை அழுத்தினார் என்று சொல்கிறது. போனில் இடமில்லை என்று அவர் அடுத்த நாளே அழித்திருந்தாலும் அந்த எண்ணிக்கை குறையாது.

பதிவு எண்ணிக்கை என்ன சொல்கிறது? நமது செயலிக்கு ஒவ்வொரு வகுப்பும் நூறு வீதம் பதிய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. கணினிக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக இருத்திப் பதிந்தோம். நூறு வீதம் வந்தது. ஆசிரியர்கள் சொன்ன வேலையைச் செய்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. செயலி நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எத்தனை தடவை திறக்கப்பட்டது என்பது என்ன சொல்கிறது? இந்த எண் ஆகவும் ஏமாற்றக்கூடியது. எப்படி என்று சொல்கிறேன்.

சென்ற தவணை விடுமுறையில் நானும் இன்னொரு ஆசிரியையும் ஐந்து தாய்மாருடன் தனித்தனியாக இருந்து பார்த்தோம். ஒரே ஒரு வேலைதான் கொடுத்தோம். "உங்கட பிள்ளையின் மேலதிக வகுப்பு நேர அட்டவணையை இதில எடுத்துக் காட்டுங்க." அவ்வளவுதான். நாங்கள் உதவி செய்யவில்லை. வாய் திறக்கவில்லை. எங்கே தட்டுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கொப்பியில் எழுதினோம்.

ஐந்து பேரில் இரண்டு பேர் முடித்தார்கள். மற்ற மூன்று பேரும் மூன்று வேறு இடங்களில் நின்றுவிட்டார்கள்.

முதலாமவரின் பிரச்சினை இரகசியக் குறியீடு. பாடசாலைப் பதிவேட்டில் இருப்பது வாப்பாவின் தொலைபேசி இலக்கம். வாப்பா கட்டாரில். குறியீடு அவருடைய போனுக்குத்தான் போகிறது. அவர் வேலைத்தளத்தில் இருப்பதால் உடனே பார்க்க முடியாது. பார்த்து அனுப்பும்போது குறியீட்டின் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலில் இருந்து.

இரண்டாமவரின் பிரச்சினை பெயர். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நமக்கு எங்கே குடும்பப் பெயர்? வாப்பாவின் பெயர் முன்னால் வரும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். அவர் பிள்ளையின் பெயரை ஒரு தடவை அந்தக் கட்டத்தில் போட்டார், வாப்பாவின் பெயரை ஒரு தடவை போட்டார். இரண்டுக்கும் 'தகவல் பொருந்தவில்லை' என்று சிவப்பில் வந்தது. "டீச்சர், இது என்னத்தத்தான் கேக்குது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. சும்மா இருந்தேன்.

மூன்றாமவரின் பிரச்சினை தமிழ். உள்ளே போனதும் கீழே 'வீடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று இருந்ததை யாரோ அப்படியே பெயர்த்துவிட்டார்கள். முகவரி கேட்கிறது என்று நினைத்து அவர் அதைத் தொடவே இல்லை. நேர அட்டவணை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

இப்போது கவனியுங்கள். குடும்பப் பெயரில் மாட்டிய அந்தத் தாய் செயலியை மூடி மூடி ஆறு தடவை திறந்தார். கடைசியில் "பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார். கொம்பனியின் ரிப்போர்ட்டில் அது ஆறு வருகை. முடித்த தாய் ஒரு தடவைதான் திறந்தார். அது ஒரு வருகை. அதாவது தோற்றவர் ஆறு, வென்றவர் ஒன்று. செயலி எவ்வளவுக்கு மோசமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த எண் கூடும். 'சராசரியாகச் செலவிட்ட நேரம்' என்று காட்டும் எண்ணும் இதே கதைதான். வாசிகசாலையில் ஒருவர் இரண்டு மணித்தியாலம் இருந்தால் நல்லது. வைத்தியசாலை வரிசையில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் நல்லதா?

இது சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். கடந்த மாதம் தரம் 11 பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்பு காலையில் இருந்து பிற்பகலுக்கு மாறியது. அறிவித்தல் செயலியில் மட்டும் போடப்பட்டது. காலையிலேயே மழையில் வந்து பூட்டிய வகுப்பறை வாசலில் நின்ற பிள்ளைகளை நான் கண்டேன். தூரத்தில் இருந்து ஓட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். 'செயலியில் போட்டோமே, பார்க்காதது யாருடைய பிழை' என்று கேட்கப்பட்டது. பார்க்க முடியாமல் போனது யாருடைய பிழை என்று யாரும் கேட்கவில்லை.

இனி, உலகத்தில் இதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஒரு பொருளைப் பாவிப்பது இலகுவா என்பதற்குச் சர்வதேச தர நிர்ணய அமைப்பு 1998ஆம் ஆண்டே ஒரு தரநிலையில் வரையறை கொடுத்துவிட்டது. மூன்றே மூன்று விடயம். நினைத்த காரியம் முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் முயற்சியும் போனது? முடித்தவருக்குத் திருப்தியா?

கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2010இல் ஐந்து அளவுகோல்கள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். பாவனையாளரின் மகிழ்ச்சி, ஈடுபாடு, புதிதாகச் சேர்தல், தொடர்ந்து வருதல், பணி நிறைவு. இந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹார்ட்' என்று வரும். அதிலே நமக்கு வேண்டிய ஒரு விடயத்தையும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேலையின் காரணமாகப் பாவித்தே ஆக வேண்டும் என்று இருக்கும் ஒரு பொருளில் 'ஈடுபாடு' என்ற எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இருக்காது, அப்படியான இடத்தில் மகிழ்ச்சியையும் பணி நிறைவையும் பார்ப்பது நல்லது என்கிறார்கள். நமது பாடசாலைச் செயலி அந்த வகைதான். பெற்றாருக்கு வேறு வழி இல்லை. ஆகவே திறந்தார்கள். அதைப் பெருமையாகக் காட்டுவதில் அர்த்தமில்லை.

பிரித்தானிய அரசாங்கம் தனது ஒன்லைன் சேவைகளுக்கு நான்கு அளவுகோல் வைத்தது. ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு, பாவனையாளர் திருப்தி, தொடங்கியவர்களில் எத்தனை வீதம் முடித்தார்கள், மொத்தப் பேரில் எத்தனை வீதம் ஒன்லைன் வழியைத் தெரிவு செய்தார்கள். மூன்றாவதைப் பாருங்கள். தொடங்கியவர்கள் நூறு பேர், முடித்தவர்கள் நாற்பது பேர் என்றால் மிச்ச அறுபது பேர் எந்தப் பக்கத்தில் போனார்கள் என்று தேட வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் திருத்த வேண்டிய பிழை இருக்கும்.

கணிதம் படிப்பிப்பவள் என்பதால் சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை.

ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளி 55 என்றால் எல்லாரும் 55 எடுத்திருக்கலாம். பாதிப் பேர் 90 எடுத்து மிச்சப் பாதிப் பேர் 20 எடுத்திருந்தாலும் சராசரி 55தான். முதலாவது வகுப்பில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். சராசரியை மட்டும் பார்க்கும் அதிபருக்கு இரண்டும் ஒன்று.

செயலியின் வேகமும் இப்படித்தான். 'சராசரியாக இரண்டு செக்கனில் திறக்கிறது' என்று சொன்னால் நம்பிவிடக்கூடாது. இணையப் பக்கங்களுக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் சராசரியைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பிரதான பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும், அதுவும் வருகைகளில் குறைந்தது 75 வீதத்துக்கு அப்படி இருக்க வேண்டும் என்கிறது. தரம் 11 பிள்ளைகளுக்குத் தெரியும், இது மூன்றாம் காலணை. அதாவது வேகமான போன் வைத்திருப்பவரின் நேரத்தைக் காட்டித் தப்ப முடியாது. மெதுவான பக்கத்தில் இருப்பவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதோடு, இந்த அளவீடு உண்மையான மக்களின் உண்மையான போன்களில் எடுக்கப்பட வேண்டும். கொழும்பில் கொம்பனி அலுவலகத்தில், புதிய போனில், வைபையில் திறந்து பார்ப்பது வேறு. இங்கே மூன்று பிள்ளைகள் பாவிக்கும் ஒரு பழைய போனில், மாதக் கடைசியில் மிச்சம் இருக்கும் டேட்டாவில் திறந்து பார்ப்பது வேறு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 'பாவிப்பவர்களிடம் கருத்துக் கேட்டோம், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தந்தார்கள்' என்பார்கள். யாரிடம் கேட்டார்கள்? செயலிக்குள் போக முடிந்தவர்களிடம். போக முடியாதவர் எங்கே நட்சத்திரம் போடுவது? வகுப்பில் நின்று 'வராத பிள்ளைகள் கை தூக்குங்கள்' என்று கேட்ட மாதிரித்தான் இது. இடாப்பு எங்களிடம் இருக்கிறது. ஒரு மாதமாகச் செயலியைத் திறக்காத பத்துப் பெற்றாரை அதிலிருந்து எடுத்து, ஒரு அழைப்பு எடுத்து, 'ஏன்' என்று கேட்டால் நாலு நட்சத்திரத்தை விடப் பெறுமதியான விடை கிடைக்கும்.

திருப்தியை அளக்கவும் ஒழுங்கான வழி இருக்கிறது. ஜோன் புரூக் என்பவர் 1986இல் பத்து வசனங்கள் கொண்ட ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். இன்றும் உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். 'இதை அடிக்கடி பாவிக்க விரும்புவேன்', 'இதைப் பாவிக்க வேறொருவரின் உதவி தேவைப்படும்' என்ற மாதிரி நல்லதும் கெட்டதும் மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றில் இருந்து ஐந்து வரை போட வேண்டும். கடைசியில் 100க்கு ஒரு புள்ளி வரும். ஆனால் அதை வீதம் என்று வாசிக்கக்கூடாது. பல நூறு பொருட்களை அளந்து பார்த்ததில் சராசரி 68 அளவில் நிற்கிறது. நமது சாதாரண தரக் கணக்கில் 68 என்றால் பி சித்தி. இங்கே 68 என்றால் 'எல்லாரையும் போல' என்று மட்டும்தான் அர்த்தம். கொம்பனி வந்து '60 எடுத்தோம்' என்றால் கைதட்டாதீர்கள்.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். ஜூலையில் எரிபொருள் அனுமதிக்கான கியூ.ஆர். முறை வந்தது. அது வெற்றியா தோல்வியா என்பதை நாம் எதை வைத்துத் தீர்மானித்தோம்? எத்தனை வாகனம் பதிந்தது என்று செய்தியில் சொன்னதை வைத்தா? இல்லை. செட்டுக்கு முன்னால் வரிசை குறைந்ததா என்று பார்த்தோம். குறைந்தது. எண்ணெய்க் கப்பல்கள் வந்ததும் அதற்குக் காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த முறையில் ஒரு நல்ல விடயம் இருந்தது. கியூ.ஆரை ஒரு கடதாசியில் அச்சடித்துக் கொண்டுபோனாலும் போதும். ஸ்மார்ட் போன் இல்லாத மீன்பிடிக்காரரும், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வயதான காக்காவும் அந்தக் கடதாசியைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு எண்ணெய் அடித்தார்கள். காரியம் முடிந்ததா என்பதுதான் அளவுகோல். நம் எல்லாருக்கும் அது இயல்பாகவே தெரிந்திருந்தது. மண்டபத்தில் திரை கட்டியதும்தான் மறந்துபோகிறோம்.

பிழையான அளவுகோல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. அது கசப்பானது.

பேஸ்புக் தனது பொருள் நன்றாக ஓடுகிறதா என்பதை 'ஈடுபாடு' என்ற அளவுகோலால் பார்த்தது. லைக், கருத்து, பகிர்வு. 2017இல் இருந்து ஒரு கோப முகத்துக்கு ஒரு சாதாரண லைக்கை விட ஐந்து மடங்கு பெறுமதி கொடுக்கப்பட்டிருந்தது என்பது 2021இல் வெளியே வந்த அந்த நிறுவனத்தின் உள்ளக ஆவணங்களில் தெரிந்தது. ஏனைய உணர்ச்சி முகங்களுக்கும் அதே ஐந்து மடங்குதான். ஆனால் ஒருவரைக் கோபப்படுத்தும் பதிவு அந்த அளவுகோலில் நல்ல பதிவாகிவிட்டது. கோப முகத்தின் பெறுமதியைப் பூச்சியமாக்க 2020 வரை எடுத்தது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் நம்மவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் போனுக்குப் போன் பாய்ந்தன. அரசாங்கம் மார்ச் 7ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கும் நிலைக்குப் போனது. பேஸ்புக் பின்னர் ஒரு வெளி நிறுவனத்தைக் கொண்டு இலங்கையில் தனது தளத்தால் ஏற்பட்ட மனித உரிமைப் பாதிப்புகளை ஆராய்ந்து, 2020 மே மாதம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒரு கலவரத்துக்கு ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. அதைச் செய்தது மனிதர்கள்தான். ஆனால் அந்த நாட்களில் அந்தத் தளத்தின் ஈடுபாட்டு வரைபு கீழே இறங்கியிருக்கும் என்று யாராவது நினைக்கிறீர்களா? எதை அளப்பது என்பது கணினிக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கும் விடயம் மட்டும் அல்ல. அளவுகோலைத் தெரிவு செய்யும் மேசையில் நாம் இருக்கவில்லை. விளைவு நம் வாசலுக்கு வந்தது.

நமது சின்னச் செயலியில் அப்படியான ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மேசையில் நாம் இருக்கிறோம். அது நமது காசு, நமது பிள்ளைகள். அளவுகோலை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் எனது ஆலோசனைகள் இவை.

1. இந்தச் செயலியால் நடக்க வேண்டிய முக்கியமான மூன்று காரியங்களை முதலில் எழுதுங்கள். அறிவித்தல் பார்ப்பது, நேர அட்டவணை பார்ப்பது, கடந்தகால வினாத்தாள் எடுப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தொடங்கியவர்களில் எத்தனை வீதம் முடித்தார்கள் என்ற எண்ணைக் கொம்பனி மாதாமாதம் தர வேண்டும். ஒரு பக்கம் போதும். வர்ணப் படம் வேண்டாம்.

2. முடிக்காதவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதையும் தர வேண்டும். தமிழில் பாவிப்பவர்களும் ஆங்கிலத்தில் பாவிப்பவர்களும் வேறு வேறாகக் காட்டப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் பிழை மொழிபெயர்ப்பில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

3. நேரத்தைச் சராசரியாகத் தரக்கூடாது. மூன்றாம் காலணையாகத் தர வேண்டும்.

4. பதிந்து ஒரு மாதத்துக்குப் பிறகும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வராதவர்களில் பத்துப் பேரிடம் நாமே பேச வேண்டும்.

5. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன்னர் ஐந்து பேருடன் இருந்து பார்க்க வேண்டும். ஒரு தாய், வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாப்பா, வயதான ஒரு பாதுகாவலர், பழைய போன் வைத்திருக்கும் ஒரு மாணவி, கண் பார்வை குறைந்த ஒருவர். உதவி செய்யாமல் பார்க்க வேண்டும். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், ஐந்து பேருடன் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்றார். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். ஐந்து பேர் குறை கண்டுபிடிக்கத்தான் போதும். ஐந்தில் இரண்டு என்பதை வைத்து 'ஊரில் 40 வீதம்' என்று சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. வீதம் சொல்வதற்குத்தான் முதலாவது ஆலோசனையில் உள்ள எண் வேண்டும்.

6. அளக்கிறோம் என்ற பெயரில் பிள்ளைகளின் தகவல்களை அள்ளிக் குவிக்க அனுமதிக்கக்கூடாது. எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணப் பெயரும் வேண்டாம், பிறந்த திகதியும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போது அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

7. பத்தில் ஒன்பது பேராவது தாமாகவே முடிக்கும் நிலை வரும் வரை அறிவித்தல் பலகையையும் வகுப்பு வட்ஸ்அப் குழுவையும் நிறுத்தக்கூடாது.

8. கடைசித் தவணைக் காசு டவுன்லோட் எண்ணிக்கைக்குக் கொடுக்கப்படக்கூடாது. முடித்தவர்களின் வீதத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும்.

எட்டாவதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரு எண்ணை இலக்காக வைத்ததும் அந்த எண்ணைப் பிடிக்கும் குறுக்கு வழியைத் தேடுவது மனித இயல்பு. பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இலேயே இதைச் சொன்னார். எங்களுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்தி வீதம் கூட வேண்டும் என்பதற்காக 'இந்தப் பிள்ளை இந்த முறை பரீட்சை எழுத வேண்டாம்' என்று சொல்லும் கதைகளைக் கேள்விப்படாத ஆசிரியர் யார்? சித்தி வீதம் கூடும், அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கும். செயலியிலும் அப்படி நடக்கலாம். கஷ்டமான பக்கத்தை எடுத்துவிட்டால் முடித்தவர் வீதம் கூடும். ஆகவேதான் ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், எண்ணையும் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு மூன்று மறுப்புகள் வரும் என்று தெரியும்.

'செய்தவர்கள் நமது ஊர்ப் பிள்ளைகளின் கொம்பனி, மனம் நோகும்' என்று ஒருவர் சொன்னார். பிள்ளையின் விடைத்தாளில் பிழையைச் சிவப்பால் வட்டம் போடுவது பிள்ளையின் மேல் உள்ள கோபத்தால் அல்லவே. குடும்பப் பெயர்க் கட்டத்தை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? யாரும் சொல்லாததால்தான் அது இன்னும் இருக்கிறது.

'பழகினால் சரிவரும்' என்பது அடுத்தது. சரிவரலாம். அதையும் அளக்கலாம். அதே தாயிடம் இரண்டு கிழமைக்குப் பிறகு அதே வேலையைக் கொடுங்கள். நேரம் பாதியாகக் குறைந்தால் பழகுகிறது என்று ஒத்துக்கொள்வோம். ஆனால் கட்டாரில் இருக்கும் வாப்பாவின் போனுக்குப் போகும் குறியீட்டுக்கு எந்தப் பழக்கமும் உதவாது.

'இதெல்லாம் பெரிய கொம்பனிகளின் வேலை, நமக்கெதற்கு' என்பது மூன்றாவது. ஐந்து பேர், ஒரு கொப்பி, ஒரு பேனை, ஆளுக்கு அரை மணித்தியாலம். எங்களுக்கு ஆன செலவு தேநீருக்கு மட்டும்தான், அதையும் அந்தத் தாய்மாரே தந்தார்கள்.

அந்த மூன்று தாய்மாரும் கடைசியில் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான். "எனக்குத்தான் இது வெளங்கல்ல டீச்சர், நான் பெருசாப் படிக்கல்ல." இதைக் கேட்டதால்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். படிப்பில் குறை என்று அவர்கள் தங்களையே குறை சொன்னார்கள். குறை அவர்களிடம் இல்லை. ஒரு வினாத்தாளில் வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் பிழை விட்டால், நல்ல ஆசிரியர் முதலில் கேள்வியைத்தான் திரும்ப வாசிப்பார்.

அடுத்த பொதுக் கூட்டத்துக்கு முன்னர் இன்னும் பத்துப் பதினைந்து பேருடன் இருந்து பார்க்க விரும்புகிறோம். உங்கள் வீட்டில் உம்மாவோ மாமியோ ராத்தாவோ அரை மணித்தியாலம் தர முடியுமென்றால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். ஆண்கள் பக்கத்தைப் பார்க்க ஒரு ஆசிரியர் முன்வந்தால் இன்னும் நல்லது. செயலி செய்த தம்பிமாரும் வந்து பக்கத்தில் இருக்கலாம். ஒரே நிபந்தனை, வாய் திறக்கக்கூடாது.

 பெற்றார் குழுக்களில் பகிர்ந்துவிடுங்கள்.